நோய்க்காலமும் நிறையுணவுக் கல்வியும்

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆந் திகதி உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் நோயைப் பெருந்தொற்று எனப் பிரகடனஞ் செய்தது. இரு நாளில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. அம்மாதம் 20 ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் மாணவர் இழந்த கல்வியைப்பற்றி அறிஞர் பலர் எழுதிவிட்டனர். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நேர்ந்த குறையைப் பிரத்தியேக வகுப்புக்கள் ஓரளவுக்கேனும் ஈடுசெய்தன. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது பரீட்சைக்கு அதிகம் பயன்படாத ஒரு பாடம். வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் தத்தம் வயதுக்கேற்ப எதனை எவ்வளவு உண்ணல்வேண்டும் என்னும் பாடம். அதனைக் கற்பித்தற்கு மிகவும் உரிய காலம் நோய்க்காலமே என்பதும், முதலிற் கற்கவேண்டியவர் எம்மைப் போன்ற ஆண்கள் கல்லூரிகளின் மாணவரே என்பதும் எமது கருத்து. இரண்டாவது கூற்றைக் கேட்டு நகைக்கும் பழைய மாணவர் சற்றுப் பொறுத்தருள்வாராக.

நோயும் உணவும் பிணைந்து நிற்பதை இந்நாடு முன்னரே கண்டதுண்டு. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. அதே வரட்சி வயல்களையும் அழித்தது. பசியால் மெலிந்திருந்த மக்களை மலேரியாக் காய்ச்சல் தாக்கியபோது, 1935 முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். வைத்தியர் கொயினா வழங்கினர். தொண்டர்களோ மருந்தோடு உணவையுஞ் சுமந்து சென்றனர். கேகாலை மாவட்டத்து உறுவன்வெல்லைப் பகுதியில் நோயாளர்க்குப் பருப்பு வழங்கிய கலாநிதி என். எம். பெரேரா அவர்களுக்குக் கிராமத்தவர் இட்ட பெயர் 'பருப்பு மாத்தயா' என்பது. மெலிந்த உடம்பிலே மருந்து தனித்து நின்று போராட இயலாது என்பதை அப்பெரியார் உணர்ந்திருந்தனர் போலும்.

எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2020 டிசெம்பர் மாதத்தில், அதே கேகாலை மாவட்டத்தில், கொரோனாவைத் தடுக்கும் எனச் சொல்லப்பட்ட ஒரு பாணியைப் பெறுதற்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றனர். விலகி நிற்கவேண்டிய காலத்தில் அக்கூட்டமே நோய் பரவுதற்கு ஏதுவாயிற்று. எம்மவரும் இவ்விடயத்திற் பிறருக்குக் குறைந்தவரல்லர். கொத்தமல்லிக் குடிநீர், இஞ்சி, வேப்பிலை, விற்றமின் குளிசைகள் எனக் கேட்டறிந்த யாவும் வாங்கப்பட்டன. கொத்தமல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதமானதே. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும் கோவிட் நோயைத் தடுக்கவல்ல தனியுணவு ஒன்றும் இல்லை. நோயெதிர்ப்பு என்பது ஒரு நாளிலே ஊற்றி நிரப்பும் எண்ணெய் போன்றதன்று. புரதம், இரும்பு, நாகம், விற்றமின்கள் ஆகியன மாதக்கணக்கில் உடம்பிற் சேர்ந்து, குருதியணுக்களையும் எதிர்ப்புப் பொருள்களையும் ஆக்குகின்றன. திருக்குறளில் 'மருந்து' எனப் பெயர்பெற்ற அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இனி, நிறையுணவு என்பது யாது? தானியமுங் கிழங்கும், மரக்கறியும் இலைக்கறியும், பழம், பருப்பும் மீனும் முட்டையும் இறைச்சியும், பாலும் தயிரும், கொட்டையும் எண்ணெய் விதையும் என ஆறு பிரிவாக எமது நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் வகுத்துள்ளனர். பாடநூலில் இது ஒரு படமாக இருக்கும். அப்பிள், முந்திரிகை, பாற்கட்டி எல்லாம் அப்படத்தில் அழகாக இருக்கும். படத்தைக் கீறிப் பெயரிட்ட மாணவன் முழுப்புள்ளியும் பெற்று வீடு சென்று, பாணுஞ் சம்பலும் உண்டு, தேநீர் அருந்தி உறங்குவான். படத்துக்கும் அவன் கோப்பைக்கும் யாதொரு தொடர்பும் அவனுக்குத் தோன்றாது. பாடசாலை திறந்திருந்த நாளில் இக்குறை எவர் கண்ணிலும் படவில்லை. ஊரடங்கு நாளில், அடுப்பங்கரைக்கு அடுத்த அறையிலே மாணவன் இருந்து தொலைபேசியிற் பாடங் கேட்டபோதுதான், பாடத்துக்கும் பானைக்கும் உள்ள தூரம் தெளிவாயிற்று.

ஆகவே பானையிலிருந்தே தொடங்குவோம். ஒரு வீட்டிற் சோறு, மைசூர்ப்பருப்பு, முருங்கையிலை வறை, சொதி ஆகியன ஆக்கப்பட்டன எனக் கொள்வோம். மீன் கிடைத்த நாளாயின் மீனும் உண்டு. இவ்வொரு சமையலே அவ்வீட்டிலுள்ள அனைவர்க்கும் போதுமானது; ஆனால் ஒவ்வொருவர் கோப்பையிலும் அது வெவ்வேறு அளவில் விழவேண்டும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அச்சமையலில் ஒன்றும் வேண்டா. தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீருந் தேவையில்லை. நோய் கண்ட தாய்மார் பாலூட்டுதற்கு அஞ்சிப் புட்டிப்பாலை நாடிய செய்திகள் அக்காலத்தில் எங்கும் கேட்கப்பட்டன. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் தொடர்ந்து பாலூட்டுக என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலோடு வேறு உணவுந் தொடங்குதல் வேண்டும். இங்கேதான் எமது வீடுகளிற் பெரும் பிழை நேர்கின்றது. குழந்தைக்குச் செரிக்காது என எண்ணிக் கஞ்சித் தண்ணீரையும் பருப்பின் மேற்றெளிவையும் ஊட்டுகின்றனர். குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தண்ணீரால் அது நிரம்பிவிட்டாற் சத்துக்கு இடமில்லை. அதே பானைச் சோற்றையும் பருப்பையுங் கட்டியாக மசித்து, நன்றாக அரிந்து அவிந்த இலையிற் சிறிது கூட்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ தேங்காய்ப் பாலோ விட்டு ஊட்டினால் அக்குழந்தை வளரும். ஒன்பதாம் மாதம்வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையும், பின்னர் மூன்று நான்கு முறையும் ஊட்டல் வேண்டும்.

களுத்துறையில் 1926 இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதலாக, இத்தகைய செய்திகளை வீடு வீடாகச் சென்று சொல்லிக்கொடுத்தவர் மருத்துவிச்சிமாரே. இன்று அவர்களைக் குடும்பநல உத்தியோகத்தர் என்கின்றோம். நோய்க்காலத்தில் நிறை பார்க்கும் நிலையங்கள் பல இடங்களில் நின்றுபோயின. குழந்தையின் நிறைக்கோடு தாழ்வதைத் தாயின் கண் காணாது; தராசு ஒன்றே காணும். தராசு இல்லாத மாதங்களில் எத்தனை கோடுகள் தாழ்ந்தனவோ!

பூப்படைந்த பெண்ணுக்கு எம்மூரில் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுங் கொடுக்கும் வழக்கம் உண்டு. முன்னோர் வகுத்த வழக்கங்களுள் இது மிகச் சிறந்தது என்றே சொல்லுவோம். ஆயின், சில நாளோடு அது நின்றுவிடுகின்றது. மாதந்தோறுங் குருதியை இழக்கும் அவள் உடம்பின் தேவையோ நிற்பதில்லை. அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2001 இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 14 முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்தும், அதே வயதுப் பெண்பிள்ளைக்கு 15 மில்லிகிராமும், கருவுற்ற பெண்ணுக்கு 27 மில்லிகிராமும் வேண்டும். மரக்கறியுணவிலுள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்காது; சைவ உணவினர்க்கு இவ்வளவும் போதாது என்பர். எனினும் வழியுண்டு. வறையை இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுதல், உணவோடு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ உண்ணுதல் ஆகியவற்றால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணிநேரங் கழித்து அருந்தலாம். முருங்கையிலை வறையிற் சேரும் தேங்காய்ப்பூவும் வெறுஞ் சுவைக்காக அன்று. இலையிலுள்ள கரோட்டீன் என்னும் பொருள் கொழுப்போடு கூடியே உடம்பிற் சேர்ந்து விற்றமின் ஏயாக மாறும். இதனை அறியாமலே எம் பாட்டிமார் தேங்காயைத் துருவிவந்தனர்.

இனி நாம் சொல்லப்புகுவது பலர்க்குக் கசப்பாக இருக்கலாம். எமது வீடுகளில் முதலில் உண்பவர் தந்தையும் ஆண்பிள்ளைகளும். மீன் துண்டும் பருப்பின் கட்டியும் அவர் கோப்பைகளிலே விழும். கடைசியாக உண்பவள் தாய்; அவள் கருவுற்றிருந்தாலுங் கடைசிதான். பானை நிறைந்திருக்கும் காலத்தில் இவ்வொழுங்கினால் நேருந் தீங்கு சிறிது. வேலையும் கூலியும் நின்று பானை குறைந்த காலத்திலோ, பற்றாக்குறை முழுவதும் கடைசிக் கோப்பையிலேயே விழும். அவள் சோற்றைச் சொதியோடு பிசைந்து உண்டு, தனக்குப் பசியில்லை என்பாள். நாளொன்றுக்கு மிகுதியான இரும்பு வேண்டியவளும் அவளே என்பதை மேலே கண்டோம். இது வறுமையால் மட்டும் நேர்வதன்று. அகப்பை செல்லும் ஒழுங்கினால் நேர்வது. ஒழுங்கை மாற்றுதற்குப் பணம் வேண்டா.

இவ்வொழுங்கை எவர் மாற்றுவர்? அகப்பை பிடிப்பவள் தானே முன்வந்து மாற்றமாட்டாள். முதற்கோப்பைக்கு உரியவர் மாற்றவேண்டும். அம்முதற்கோப்பைக்காரரே எமது மாணவர். மனைப்பொருளியல் பெண்களுக்குரிய பாடம் என ஒதுக்கிவைத்த காரணத்தால், ஆண்கள் கல்லூரிகளில் இவற்றைச் சொல்லிக்கொடுப்பார் அரியர். சுகாதாரப் பாடத்தில் ஒரு சில பக்கங்களோடு அது முடிந்துவிடுகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. 2020 மே மாதத்தில், அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைக்கொண்டு, இன்ன நாளில் இன்னாரே வெளியிற் செல்லலாம் என அரசினர் விதித்தனர். எம் பகுதிகளிற் கடைக்குச் சென்று வரிசையில் நின்றவர் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் வாங்கிவந்தவை யாவை? அரிசி, கோதுமைமா, சீனி, தேயிலை, விசுக்கோத்து, ரின்மீன் இரண்டு. பயறும் கச்சானும் எள்ளுங் குரக்கனும் அதே கடையில் அடுத்த சாக்கிலேயே இருந்தன. நூறு கிராம் மைசூர்ப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதமும், நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராமும் உண்டு என்பதையும், குரக்கனில் அரிசியைவிடப் பன்மடங்கு கல்சியம் உண்டு என்பதையும் அறிந்த ஒருவன் வரிசையில் நின்றிருந்தால், பை வேறுவிதமாக நிறைந்திருக்கும். விலையுந் தெரிந்து சத்துந் தெரிந்து வாங்குதல் ஒரு கணக்கு. கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்ற எம் மாணவர்க்கு அது கடினமானதன்று. எவருங் கேட்கவில்லை, அவ்வளவே.

கற்பிக்கும் முறைபற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். பாடசாலை மூடியிருக்கும்போது ஆசிரியர் செய்யத்தக்க எளிய முறை ஒன்று உண்டு. மாணவன் ஒரு கிழமை தன் வீட்டுச் சமையலைத் தானே குறித்துக்கொள்ளட்டும். எத்தனை பேர் உண்டனர், யார் முன்னர், யார் பின்னர், ஆறு பிரிவில் எது எத்தனை நாள் வரவில்லை என எழுதட்டும். வராத பிரிவுக்கு வளவிலோ அயற்கடையிலோ குறைந்த விலையில் எது கிடைக்கும் எனத் தேடட்டும். வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை, பப்பாசிப்பழம் என ஒரு பட்டியல் விரைவிலே சேர்ந்துவிடும். ஆனால் அக்குறிப்பை வகுப்பில் வாசிக்கச் சொல்லுதல் கூடாது. கைத்தொலைபேசியிற் படம் எடுத்து அனுப்பச் சொல்லுதல் அதனினுங் கொடிது. ஒருவன் கோப்பையில் முட்டையும் மற்றவன் கோப்பையில் வெறுஞ் சோறுமாக இருக்கும் படங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால், இரண்டாமவன் அடுத்த நாட் பாடத்துக்கு வரான். அலைவரிசை கிடையாத ஊர்களில் மரத்திலும் பாறையிலும் ஏறிப் பாடங் கேட்ட பிள்ளைகள் இந்நாட்டில் இருந்தனர். அவர்களிடம் உள்ள மானத்தை ஆசிரியர் காத்தல் வேண்டும். குறிப்பு மாணவனிடமே இருக்கட்டும். ஆசிரியர் கேட்கவேண்டியது அவன் எதனை மாற்றினான் என்பதையே.

நோயுற்றவர் உணவைப்பற்றியும் மாணவர் அறிதல் நன்று. காய்ச்சற்காரரைப் பட்டினி போடுதலும், பத்தியம் என்னும் பெயராற் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்துதலும் இன்னும் நடைபெறுகின்றன. உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர, உடம்பு செலவிடும் சக்தி ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதங் கூடுகின்றது. வருமானம் நின்ற நாளிற் செலவு கூடுவதை இது ஒக்கும். கோவிட் நோயிலோ மணமுஞ் சுவையும் அற்றுப்போகும். உண்ணும் விருப்பமே எழாது. பயறிட்ட பாற்கஞ்சி, இடியப்பமுஞ் சொதியும், அவித்த முட்டை, தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே தக்கது. நடுவயதினரைப்பற்றி இங்கு விரிக்கவேண்டியதில்லை. வீட்டிலிருந்த காலத்தில் அவர்க்கு நிறை கூடிற்று. உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குட் குறைத்து, சீனியைத் தள்ளி, நடந்தாற் போதும்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் குன்றியதும், 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியுள் வீழ்ந்ததும் யாவரும் அறிந்ததே. 2022 செத்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலைகள் ஓராண்டில் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. 1973 முதல் தாய்மார்க்குஞ் சிறுவர்க்கும் சோளமுஞ் சோயாவும் பால்மாவுங் கலந்து வழங்கப்பட்டுவந்த திரிபோசாவும் மூலப்பொருள் இன்மையால் அவ்வாண்டிற் பலர்க்குக் கிடையாது போயிற்று. நோய் தணிந்தபின்பே பசி முற்றியது என்று சொல்லல் தகும்.

அவ்விரு காலங்களிலும் பழைய மாணவர் சங்கங்கள் பல, உள்ளூரிலும் கடல்கடந்தும் பணந் திரட்டி, வறிய குடும்பங்களுக்கு உணவுப் பொதிகளை வழங்கின. அவ்வறத்தை நாம் நன்றியோடு போற்றுகின்றோம். எனினும் பொதியை அவிழ்த்துப் பார்த்த எமக்கு ஒரு குறை தோன்றிற்று. அரிசி, மா, சீனி, தேயிலை, விசுக்கோத்து. கடைக்குச் சென்ற ஆண்களின் அதே பை! வயிறு நிறைந்தது, மெய்யே. சீனியைப் பாதியாக்கி, விசுக்கோத்தை நீக்கி, அப்பணத்துக்கு ஒரு கிலோ மைசூர்ப்பருப்பும் பயறும், சிறிது கச்சானும், உண்பவர் வீடாயின் நெத்தலிக் கருவாடும் இட்டிருக்கலாம். கருவுற்ற பெண்ணோ கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீடு எது எனக் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடங் கேட்டு, அவ்வீட்டுப் பொதியை வேறாகக் கட்டுதல் இன்னும் நன்று. இனி ஒரு நோயோ வெள்ளமோ வருங்காலத்திற் சங்கத்தினர் இதனைக் கருத்திற் கொள்வாராயின், அதற்கெனப் புதிய நிதியொன்றும் வேண்டியதில்லை.

கடைசியாக முதியோர். வயது முதிர்ந்தவர்க்கு உணவு குறைவாகப் போதும் என்னும் எண்ணம் எம்மிடையே ஊறியது. சக்தியைப் பொறுத்தவரை அது பொருந்தும். புரதத்துக்கு அது பொருந்தாது. இளைஞர்க்கு உடல்நிறையின் கிலோவொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதுமாயின், முதியோர்க்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் வைத்தியரைக் கேட்டு நடத்தல் வேண்டும். 50 கிலோ நிறையுள்ள தாயாருக்கு 50 முதல் 60 கிராம். அவர் உண்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலையிற் தேநீரும் இரண்டு விசுக்கோத்தும், பகலில் ஒரு கோப்பைச் சோறும் சொதியும், இரவிற் பாண் துண்டொன்று. எல்லாங் கூட்டினும் இருபது கிராமைத் தாண்டுவது அரிது. வெள்ளி விரதமாயின் அதுவும் இல்லை. பல் இல்லாமை ஒரு காரணம். தனக்கென ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனமின்மை மற்றொன்று. ஊரடங்கில் அயலாரும் வாராது போக, நடையும் நின்று, தசை கரைந்து, நோயின்றியே கட்டிலில் வீழ்ந்தவர் பலர். அவர்க்கு வேண்டுவன அரியவை அல்ல. அவித்து மசித்த பயறு ஒரு கோப்பை, தயிர் ஒரு கிண்ணம், உண்பவராயின் ஒரு முட்டை, பல்லுக்கு இசையும்படி இடித்த எள்ளுருண்டை ஒன்று. இறைச்சியும் மீனும் முட்டையும் உண்ணாத சைவர்க்குப் பாலுந் தயிருமே விற்றமின் பீ 12 கிடைக்கும் வழி. முதுமையில் அச்சத்து உறிஞ்சப்படுவதுங் குறைவதால், கை கால் விறைப்போ மறதியோ தோன்றினால் வைத்தியரிடங் காட்டிக் குருதியைப் பரிசோதித்தல் நன்று.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலருடைய தாயார் இன்றும் ஊர்வீட்டிலே தனியே வாழ்கின்றனர். இலண்டனிலிருந்தும் தொறொன்ரோவிலிருந்தும் ஞாயிறுதோறும் தொலைபேசியில், "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கின்றனர். "ஓம், சாப்பிட்டன்" என்ற விடை வருகின்றது. பேச்சு வேறு விடயத்துக்குச் சென்றுவிடுகின்றது. அடுத்த ஞாயிறு, "சோத்தோட என்ன கறி அம்மா?" என்று கேட்டுப் பார்க்க.